தானாகச் சரியான போர்டு

பம்பரம் என்ற பட்டப்பெயர் அவருக்கு இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாதி நாள் அவரை வகுப்புக்கு வெளியே நிறுத்திவைப்பார். குற்றம் ஏதும் செய்ததற்காக இல்லை. உள்ளே இருந்தால் மற்ற பிள்ளைகளுக்கும் கால் ஆட ஆரம்பித்துவிடும் என்பதற்காக. "இவன் தூங்கும்போதுகூட எங்கயோ போய்ட்டு வர்றான்" என்பார் அவர் அம்மா. வளர்ந்து, படித்து, மின்னணுப் பொறியாளராகி, தலையில் பாதி நரைத்து, ஒருத்திக்குப் புருஷனான பிறகும் அந்தக் கால் நிற்கவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் விரல்கள் மேசையைத் தட்டும். இரண்டையும் கட்டிப்போட்டால் வாய் ஓட ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்டவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஓடாத மின்சுற்றுப் போர்டில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலை. பொறுமைசாலிகள் பார்க்க வேண்டியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்து பார்த்துப் பலனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இது அந்தத் தொழிலின் முதல் பாடம், பம்பரத்துக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கை இன்னொன்றுக்குப் போய்விடும். மூன்றை மாற்றுவார், போர்டு ஓடும், எதனால் ஓடியது என்று கேட்டால் அசடு வழிவார். வாழ்க்கையிலும் அதே கதைதான். வேலையை விட்டால் அதே வாரம் வீட்டையும் மாற்றுவார். புது வீட்டில் தூக்கம் நன்றாக வந்தால், அது வீட்டாலா வேலையாலா என்று அவருக்கே தெரியாது.

மனைவியைச் சந்தித்ததும் இந்தக் குணத்தால்தான். அவள் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் நர்ஸ். நின்றுபோன ஒரு மானிட்டரைப் பழுது பார்க்கப் போனவர், வந்த வேகத்தில் மூன்று ஒயரை ஒன்றாகப் பிடுங்கினார். அதில் ஒன்று பக்கத்துப் படுக்கையின் விளக்கு. "வெளிய போங்க" என்றாள் அவள். போனார். பிறகு மன்னிப்புக் கேட்க வந்தார், பிறகு சும்மா வந்தார், பிறகு கல்யாணம் செய்துகொண்டார். அவள் நிதானமானவள். ஒரு குழந்தையின் மூச்சைக் கேட்பதற்காக நாற்காலியில் அரை மணி நேரம் சிலைபோல உட்காரக்கூடியவள். இரண்டு பேரும் எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்படுவார்கள்.

டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு நீள அறைதான் பம்பரத்தின் பட்டறை. மொத்தம் மூன்று பேர். பணத்தைப் போட்டுவிட்டு எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும் முதலாளி. போர்டைப் பார்த்துக்கொள்ளும் பம்பரம். அதற்குள் ஓடும் நிரலை எழுதும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஏதாவது நின்றுபோனால் மச்சான் முதலில் சொல்வது, "மாமா, இது உங்க போர்டு பிரச்சினை." பம்பரம் முதலில் சொல்வது, "மச்சான், இது உன் நிரல் பிரச்சினை." இதைச் சொல்லி முடித்த பிறகுதான் இருவரும் வேலையைத் தொடங்குவார்கள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது, எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு ஒரு வெதுவெதுப்புப் படுக்கை. பெரிய கம்பெனிக்காரர்கள் விற்கும் படுக்கையைச் சின்ன ஆஸ்பத்திரிகள் கனவில்தான் வாங்க முடியும். இது எளியது: ஒரு மெத்தை, அடியில் சூடேற்றும் தகடு, குழந்தையின் தோலில் ஒட்டும் ஒரு உணரி, எல்லாவற்றையும் ஆளும் உள்ளங்கை அளவு போர்டு. உணரி சொல்லும் வெப்பத்தைப் பார்த்துப் போர்டு தகட்டைக் கூட்டும், குறைக்கும். முதல் படுக்கையைத் தன் வார்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று தலைமை மருத்துவரிடம் பேசிச் சம்மதம் வாங்கியவள் பம்பரத்தின் மனைவிதான். "என் வீட்டுக்காரர் செஞ்சது, நான் பக்கத்துலயே இருப்பேன் டாக்டர்" என்று தன் வாக்கைக் கொடுத்திருந்தாள்.

ஆனால் படுக்கை அவ்வப்போது உறைந்துபோனது. போர்டில் உள்ள சில்லுகளும் வெளியே இருக்கும் உணரிகளும் இரண்டே இரண்டு கம்பிகளில்தான் பேசிக்கொள்கின்றன. தொழிலில் அதை பஸ் என்பார்கள். ஒரு கம்பியில் செய்தி போகும். இன்னொரு கம்பியில் தாளம் போகும். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் செய்தியின் ஒரு துண்டு. தட்டு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கேட்பவருக்குக் கணக்குத் தப்பிவிடும். உணரி பாதிப் பேச்சில் திகைத்து நிற்கும், போர்டு அதன் பதிலுக்காகக் காத்து நிற்கும், திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். சூடு எல்லை மீறினால் அணைக்கத் தனியாக ஒரு தடுப்பு இருந்தது. ஆனால் குழந்தை குளிர்ந்துகொண்டே போனால் சொல்ல யாருமில்லை. திரை முப்பத்தாறரை என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

எப்போது உறையும் என்று சொல்ல முடியாது. காலையில் உறையும், பிறகு நாள் முழுக்க சாதுவாக ஓடும். பம்பரம் நெருப்பின் மேல் நிற்பவர்போலத் தவித்தார். பஸ்ஸின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மச்சான் அதை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இவர் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்து, கம்பிகளைத் தாங்கும் மின்தடைகளை மாற்றினார். அது ஆறுவதற்குள் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உணரிக்குப் போகும் நீளக் கேபிளை வேறு பக்கமாக இழுத்துக் கட்டினார். பிறகு அலைகளைப் பார்க்கும் ஸ்கோப்பின் கொக்கியைத் தாளக் கம்பியில் மாட்டிவிட்டு, திரையில் கண்ணை வைத்தார். அலை அழகாக வந்தது. படுக்கை ஓடியது. சாயங்காலம் வரை ஓடியது, மறுநாளும் ஓடியது.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா! நாளைக்கு வேன் சொல்லிடறேன்" என்றார்.

அன்று வீட்டில் பம்பரம் ஒரே குஷியாக இருந்தார். பாத்திரம் கழுவும் மனைவிக்குப் பின்னால் நடந்துகொண்டே கதை கதையாகச் சொன்னார். அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"என்ன பண்ணினதால சரியாச்சு?"

"வேகத்தக் குறைச்சோம், அப்புறம் ரெசிஸ்டர மாத்தினேன், அப்புறம் அந்த கேபிள்…"

"அதுல எது?"

"மூணுல ஒண்ணு" என்றார் பம்பரம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு இரவுப் பணிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். இப்போது அந்த 'எது' காதுக்குள்ளேயே ரீங்காரமிட்டது. பாயில் புரண்டு படுத்தார், எழுந்து தண்ணீர் குடித்தார், ஒழுங்காக இருந்த கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டினார்.

மறுநாள் காலை வேன் வந்துவிட்டது. ஓட்டுநர் மாடிக்கு வந்து ஒரு ஓரமாக நின்றார். பட்டறையில் பம்பரத்துக்குத் தலைக்கு மேல் வேலை: ஸ்கோப்பைக் கழற்றி, மேசையை ஒதுக்கி, உறை போட்டு… கொக்கியைத் தாளக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு ஒயர்களைச் சுருட்டினார். படுக்கை ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சும்மா இருக்க முடியாமல் ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பெருமை பேசினார்.

"இங்க பாருங்க, முப்பத்தாறு புள்ளி அஞ்சு. எவ்வளவு நேரமா பேசிட்டு இருக்கோம், ஒரு புள்ளி அசைஞ்சுதா? அவ்வளவு ஸ்டெடி!"

பம்பரத்தின் கை நின்றது. நல்ல உணரியின் எண் ஒருபோதும் அப்படி நிற்காது. கடைசி இலக்கம் நாலுக்கும் ஆறுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் துடித்துக்கொண்டே இருக்கும். அறையில் காற்று அசையும், தகடு மூச்சு விடும். உயிருள்ளது எதுவும் அசையாமல் இருக்காது என்பதைச் சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டே கற்றவர் அவர். பாய்ந்து போய், மெத்தையில் ஒட்டியிருந்த உணரியைப் பிய்த்தெடுத்து ஜன்னல் கம்பியின் குளிரில் வைத்து அழுத்தினார். திரை முப்பத்தாறரை என்றது. இன்னும் அழுத்தினார். முப்பத்தாறரை.

மூன்று மாற்றங்களும் அப்படியே இருக்கின்றன, படுக்கை உறைந்துவிட்டது. அப்படியென்றால் அந்த மூன்றில் ஒன்றுகூட மருந்தில்லை. இத்தனை நேரம் படுக்கையை ஓட வைத்தது, பார்ப்பதற்காக மாட்டிவைத்து, சற்று முன் கழற்றிய ஸ்கோப்பின் கொக்கிதான்.

"மாமா, இது தெரியாம வேன்ல ஏத்தியிருந்தா…" என்று ஆரம்பித்த மச்சான் மிச்சத்தை மென்று விழுங்கினான்.

முதலாளி கழுத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு, "அந்தக் கொக்கியையே மாட்டி அனுப்பிட்டா?" என்றார். மனிதர் நல்லவர்தான், பயம் அப்படிப் பேச வைத்தது. பம்பரம் ஓட்டுநரிடம் போய், இன்று எதுவும் வராது என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

"இன்னைக்கு அனுப்ப முடியாது" என்றார்.

அவள் வார்டின் சத்தத்திலிருந்து தள்ளிப் போய்ப் பேசினாள்.

"இங்க எல்லாப் படுக்கையும் நிறைஞ்சு கிடக்குங்க. நேத்து ஒரு குழந்தை பிறந்திருக்கு, உள்ளங்கையில அடங்கும். உங்க மெஷின் வருதுன்னு சொல்லித்தான் அத வேற ஊருக்கு அனுப்பாம வெச்சிருக்கேன். இப்ப அதோட அம்மா நெஞ்சுல போட்டு, துணியால கட்டி வெச்சிருக்கோம். அவ சூடுதான் அதுக்கு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அந்தப் பொண்ணு நாற்காலியில அப்படியே உக்காந்திருக்கா. மாத்தி விட ஆளும் இல்ல. அசைஞ்சா குழந்தை முழிச்சிடும்னு கால மடக்கக்கூட மாட்டேங்கறா."

"அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார் பம்பரம். கேட்டதும் தன் மேலேயே கோபம் வந்தது.

"உங்களுக்கு அதுமேல நம்பிக்கை இருக்கா?"

"இல்ல."

"அப்ப அனுப்பாதீங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

இந்தக் கேள்விக்குப் பம்பரத்திடம் எப்போதும் ஒரே பதில்: இதோ, அஞ்சு நிமிஷம். அது வாய்வரை வந்தது. "தெரியல" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று மாற்றங்களையும் எடுத்தார். பழைய வேகம், பழைய மின்தடை, பழைய இடத்தில் கேபிள். ஸ்கோப்பை அறையின் மறுகோடிக்குத் தள்ளினார். போர்டை ஓடவிட்டு, அதன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இனி அது தானாக உறையும்வரை தொடக் கூடாது. தொட்டால் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிடும்.

தொடாமல் இருப்பது மற்றவர்களுக்கு ஓய்வு, பம்பரத்துக்குத் தண்டனை. முழங்கால் ஆடியது, மேசை அதிருமே என்று பயந்து காலை முக்காலியின் குறுக்குக் கட்டையில் கோத்துக்கொண்டார். விரல்கள் தட்டின, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். முதுகு அரித்தது. கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்த ஒவ்வொரு அடியும் இவர் பல்லில் விழுந்தது. எழுந்துவிடலாம் என்று தோன்றிய ஒவ்வொரு முறையும், முகம் தெரியாத ஒரு பெண் ஏதோ நாற்காலியில் காலை மடக்காமல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அவளுக்கு முதுகு அரிக்காதா?

"மாமா, டீ குடிக்கறீங்களா?" என்றான் மச்சான்.

"பேசாத."

"டீ கேட்டா போர்டு கோவிச்சுக்குமா?"

"மச்சான், கெஞ்சிக் கேக்கறேன். பேசாத."

கை சும்மா இருந்ததால் வேறு வழியில்லாமல் மூளை வேலை செய்தது. கொக்கி அப்படி என்ன செய்தது? அது எதையும் ஊட்டவில்லை, எடுக்கவும் இல்லை. தாளக் கம்பியில் ஒரு துளி பாரமாகத் தொங்கியது, அவ்வளவுதான். பாரம் தொங்கினால் தட்டு மெதுவாக விழும். மெதுவாக விழுந்தால் பிரச்சினை இல்லை என்றால், பாரமில்லாதபோது தட்டு மிகவும் சுரீரென்று விழுகிறது. நீளக் கேபிளில் அப்படி அறைந்தால் மறுமுனையில் மோதி எதிரொலிக்கும். உணரிக்கு எதிரொலியும் இன்னொரு தட்டாகக் கேட்கும். கணக்கு ஒன்று கூடிவிடும்.

தாளத்தின் வேகத்தைக் குறைத்தோமே? குறைத்தோம். நிதானமாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினால் ஓங்கித் தட்டியதுதான். மின்தடையை மாற்றினோமே? அது கம்பி மேலே எழும் விதத்தைத்தான் மாற்றும், விழுவதை இல்லை. கேபிளை இடம் மாற்றினோம், நீளம் குறையவில்லை. ஒவ்வொன்றும் ஏன் பயன்படவில்லை என்பது ஒவ்வொன்றாகப் புரிந்தபோது பம்பரத்துக்கு முக்காலியிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவில்லை.

போர்டு உறைந்தது. எண் துடிப்பதை நிறுத்திய அந்தக் கணத்தை அவர் கண்ணாலேயே பார்த்தார். "நின்னுடுச்சுடா!" என்று கத்தினார். பிள்ளை முதல் மார்க் வாங்கிய அப்பாகூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். ஓடிவந்த முதலாளிக்கு, கெட்டுப்போன பொருளைப் பார்த்து ஏன் இந்த ஆள் சிரிக்கிறார் என்று விளங்கவில்லை.

"மச்சான், அமைப்புக் கோப்பத் திற. தாளக் கம்பி வந்து சேர்ற சில்லுக் கால், அந்தப் பின், அதுக்கு விழற வேகம் என்ன போட்டிருக்கு?"

மச்சான் திறந்தான். மெதுவாக, நடுத்தரம், வேகமாக, அதிவேகமாக என்று நாலு விதம் வைக்கலாம். அங்கே அதிவேகம் என்று இருந்தது. அந்த ஒரு பின்னுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் அதேதான்.

"இது யாரு வெச்சது?" என்று கேட்டார் முதலாளி.

மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். போர்டை முதன்முதலில் அமைத்தபோது, ஒவ்வொரு பின்னாக யோசிக்கப் பொறுமையில்லாமல், 'வேகம்னா நல்லதுதானே' என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேர்வு செய்து அமுக்கியது அவர்தான். எல்லாவற்றுக்கும் இது வேண்டுமா என்று மச்சான் அப்போது கேட்கக்கூடச் செய்தான். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான்" என்றார். எத்தனையோ முறை உன் நிரல், உன் நிரல் என்று அவனைக் குடைந்தது ஞாபகம் வந்து கூசியது. "மெதுவான்னு மாத்து. அத மட்டும். வேற எதையும் தொடாத."

"ஏதாவது கூட சேர்த்து…"

"அத மட்டும்டா!"

ஓடியது. அதை அவர் நம்பவில்லை. மறுபடியும் அதிவேகத்துக்கு மாற்றி, உறையும்வரை காத்திருந்தார், உறைந்தது. மறுபடியும் மெதுவாக, ஓடியது. உணரியை ஜன்னல் கம்பியில் வைத்தால் எண் இறங்கியது, கையில் பிடித்தால் ஏறியது. சரியாக ஓடுவதை எதற்கு மறுபடியும் கெடுக்கிறாய் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அந்த மாலையும் இரவும் படுக்கை ஓடியபடியே இருந்தது. யார் எவ்வளவு நேரம் முழித்திருந்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை.

காலையில் வேனில் பம்பரமும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படிகளில் ஓட்டுநரோடு சேர்ந்து தூக்கினார். வார்டில் மனைவி கண்ணால் ஒரு மூலையைக் காட்டினாள். சுவரோரம் ஒரு நாற்காலியில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்திருந்தாள். மார்பில் கட்டிய துணிக்கு மேலே ஒரு குட்டித் தொப்பி மட்டும் தெரிந்தது. அவள் கண்கள் சிவந்து, உதடு காய்ந்திருந்தது.

படுக்கையை இணைத்து, மெத்தை வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்தார்கள். மனைவி துணியின் முடிச்சை அவிழ்த்தாள். குழந்தையை இரண்டு கையாலும் எடுத்து வைத்தாள், உணரியை ஒட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, அழவில்லை.

அந்தப் பெண் எழப் பார்த்தாள். மரத்துப்போன கால் மடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பம்பரத்தின் முழங்கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். மெஷினைத் தூக்கிவந்த ஆள் என்று நினைத்திருப்பாள், அதுவும் உண்மைதான்.

"நேத்தே வரும்னு சொன்னாங்களே அண்ணா" என்றாள். "நேத்தே கொண்டு வந்திருக்கக் கூடாதா? இடுப்பே விட்டுப்போச்சு எனக்கு."

வேன் வரவில்லை, வழியில் நெரிசல் என்று சொல்ல எத்தனையோ சாக்கு இருந்தது.

"நேத்து இது சரியா இல்லம்மா. தப்பு என்னோடதுதான். நான் அவசரத்துல ஒண்ணு தப்பா வெச்சுட்டேன்."

அவள் கையை எடுக்கவில்லை. மெஷினைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், கடைசியில் இவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப?"

"இப்ப சரியா இருக்கு. எதனால சரியாச்சுன்னும் எனக்குத் தெரியும்."

அவள் ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள், பிறகு மற்றதை. வலியில் முகம் சுருங்கியது.

"அப்ப நான் போய் மூஞ்சி கழுவிட்டு வர்றேன் அண்ணா. வர்ற வரைக்கும் நீங்க இவன் பக்கத்துலயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

"போகல" என்றார் பம்பரம்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.